நான் சொல்லாமல் விட்ட மாத்திரை

கர்த்தருக்குள் அன்பானவர்களே, சாட்சி சொல்வது எனக்குப் பழகின காரியம். ஆனால் இதை எழுத உட்கார்ந்து மூன்று தடவை எழுந்து போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை, இருந்தாலும் போய்ப் பார்த்தேன். ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்ல வேண்டுமானால் நான் செய்த கேட்டை முதலில் சொல்ல வேண்டும். அதனால்தான் கால் தரையில் நிற்க மாட்டேன் என்கிறது.

என் பெயர் ஜெயராணி. பிறந்தது திருச்செந்தூர் பக்கம். கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்து பதினேழு வருஷம் ஆகிறது. வீட்டுக்காரர் தாஸ் பெயின்டிங் வேலைக்குப் போகிறார். நான் ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஹோம்ஸ்டேயில் சமையல் செய்கிறேன். எங்களுக்கு ஒரே மகள், ரூத். இப்போது பன்னிரண்டு வயது. அவளுக்கு நாலு வயதில் வலிப்பு வந்தது. தோப்பும்படி பஸ் ஸ்டாப்பில் என் மடியில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தவள், கண் மேலே சொருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளிவிட்டாள். பிள்ளை செத்துவிட்டது என்றே நினைத்தேன். அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு, சில வாரம் நான்கு. குளிக்க வைக்கப் பயம். பள்ளிக்கூடம் அனுப்பப் பயம். அவள் தூங்கினால் மூக்கில் கை வைத்துப் பார்ப்பேன்.

அரசு ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. "ஒரு நேரம்கூட விடக்கூடாது, சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வந்து நிற்காமல் போகும்" என்று எனக்குப் புரிகிற மாதிரி மெதுவாக, இரண்டு தடவை சொன்னார். எங்கள் சபையாரும் உபவாசம் இருந்து ஜெபித்தார்கள். மூன்றாம் மாதம் வலிப்பு குறைந்தது. பிறகு நின்றது. மாத்திரை நிற்கவில்லை, இன்று காலையும் சாப்பிட்டாள். ஜெபம், மாத்திரை இரண்டுமே ஆண்டவர் கையிலிருந்து வந்தவைதான் என்பதில் அன்று எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

எங்கள் தமிழ்ச் சபை சின்னது. சனிக்கிழமைதோறும் அதே அரசு ஆஸ்பத்திரிக்குக் கஞ்சியும் சிறுபயறும் கொண்டுபோவோம். நோயாளிகளுக்கும் கூட இருக்கிறவர்களுக்கும் கொடுப்போம். வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைய வரும். மொழி தெரியாமல் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பார்கள். எந்த அறை, எந்த வரிசை என்று காட்டுவேன். கஞ்சி ஊற்றும்போதே பிள்ளைகள் பிரிவு வராந்தாவில் ரூத்தின் கதையைச் சொல்வேன்.

முதல் வருஷம் முழுசாகத்தான் சொன்னேன். டாக்டர், மாத்திரை, எல்லாம். ஆனால் டாக்டர் பேச்சு வந்ததும் ஜனங்கள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். அவர்களுக்கும் டாக்டர் இருக்கிறார், மாத்திரை இருக்கிறது. அதில் அதிசயம் என்ன? அதனால் அந்தப் பகுதியைச் சுருக்கினேன். பிறகு விட்டேன். விட்டதும் ஜனங்கள் நின்று கேட்டார்கள். சிலர் அழுதார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "ஜெயராணி சிஸ்டர் பேசினால் கல்லும் கரையும்" என்று சபையில் சொன்னார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், ரொம்பப் பிடித்திருந்தது.

ஒருநாள் கூட வந்திருந்த ரூத் வீட்டுக்குத் திரும்பும் வழியில் கேட்டாள். "அம்மா, நான் குளிக கழிக்கிறது ஏன் அங்க பறயல? நாணக்கேடா?" அவளுக்கு மலையாளம்தான் முதலில் வாயில் வரும். மாத்திரை சாப்பிடுவதைச் சொல்ல வெட்கமா என்று கேட்கிறாள். "சும்மா வாட்டி" என்று அதட்டினேன்.

போன வருஷம் மழை பிடித்த சமயம், ஒரு சனிக்கிழமை. வராந்தாவில் ஒரு பெண் மூன்று வயதுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். பெயர் முருகேஸ்வரி. தேனிப் பக்கத்திலிருந்து வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. புருஷனுக்குச் சென்ட்ரிங் வேலை. குழந்தை தர்ஷினிக்கு வலிப்பு. மருந்துப் பாட்டில் கையில் இருந்தது. என் சாட்சியைக் கண் கொட்டாமல் கேட்டாள்.

முடித்ததும் கேட்டாள். "அக்கா, அப்ப உங்க புள்ளைக்கு என்ன மருந்து குடுத்தீங்க?"

சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாத்திரையின் பெயரைச் சொல்லியிருந்தால் போதும். ஏழு வருஷமாக வாங்குகிற பெயர், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

"இயேசப்பாதான் மருந்து" என்றேன்.

அவள் கண்ணில் நீர் வந்தது. தலையாட்டிக்கொண்டு போனாள்.

அடுத்த சனிக்கிழமை பதினொரு மணியிருக்கும். ஒரு வயதான அம்மா கஞ்சி வாங்கும்போது சந்தோஷமாகச் சொன்னார். "போன வாரம் நீ சொன்னதக் கேட்டுச்சே ஒரு புள்ள, கைக்கொழந்தையோட? வெளிய வந்து மருந்துப் பாட்டில குப்பைத் தொட்டியில போட்டுட்டு விறுவிறுன்னு போயிருச்சும்மா. என்னா நம்பிக்கை!"

கரண்டி என் கையிலிருந்து நழுவிக் கஞ்சிப் பானைக்குள் போய்விட்டது. ஏழு நாள் ஆகிவிட்டது. சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வந்து நிற்காமல் போகும். டாக்டரின் குரல் அப்படியே காதில் கேட்டது.

பிள்ளைகள் பிரிவில் இருக்கிற நர்ஸ் மினி சிஸ்டருக்கு என்னை நன்றாகத் தெரியும். ஓடினேன். "சிஸ்டர், தர்ஷினின்னு ஒரு குழந்தை, போன வாரம் வந்தது, வீட்டு அட்ரஸ் வேணும்."

"அட்ரஸ் ஒண்ணும் தரான் பற்றில்ல சேச்சி. தந்தா என் ஜோலி போகும். எந்தா காரியம்?"

தர முடியாது என்கிறார். நியாயம்தான். காரணம் சொன்னால் ஒருவேளை உதவுவார். காரணம் என்றால் நான்தான். வாய் வரவில்லை. இருந்தாலும் சொல்லிவிட்டேன். எதை மறைத்தேன், அவள் என்ன கேட்டாள், நான் என்ன சொன்னேன், எல்லாம்.

மினி சிஸ்டரின் முகம் மாறியது. "சேச்சி எத்ர கொல்லமாயி இவிட வருந்நு? எத்தனை வருஷம்? எத்ர அம்மமாரோட இது பறஞ்சு?" என்றார்.

எத்தனை அம்மாக்களிடம் சொன்னேன்? கணக்கே இல்லை. அப்போதுதான் அது எனக்கு உறைத்தது.

அவரே பதிவைப் பார்த்துப் போன் பண்ணினார். முருகேஸ்வரியின் போன் அணைந்திருந்தது. மறுபடியும், மறுபடியும். கடைசியில் பெருமூச்சு விட்டு, "இந்த நம்பர்ல நான் விளிச்சோண்டிருக்காம். சுள்ளிக்கல் பக்கம் வாடகைக்கு இருக்காங்கன்னு அவள் தான் பறஞ்சது. அத்ர தன்னே எனக்கும் அறியாம்" என்றார். அவ்வளவுதான் அவருக்கும் தெரியும்; அந்த நம்பருக்கு விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

சுள்ளிக்கல்லுக்கு ஆட்டோவில் போனேன். மழை கொட்டியது. தமிழ் ஆட்கள் தங்கும் வரிசை வீடுகள் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் ஏறி இறங்கினேன். "தேனிக்காரங்க, சின்னப் பொண்ணு, வலிப்பு வரும்." இதையே எத்தனை வாசலில் சொன்னேனோ. செருப்பு ஒன்று அறுந்து போயிற்று. இரண்டையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன். தர்ஷினி அளவில், பச்சைப் பாவாடை கட்டின ஒரு குழந்தையை வாசலில் பார்த்து ஓடிப்போய் முகத்தைத் திருப்பினேன். அது வேறு குழந்தை. அதன் தாய் என்னைப் பயந்து பார்த்தாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு வீடு கிடைத்தது. பூட்டு தொங்கியது. பக்கத்து அறைப் பெண் சொன்னாள். "அவுக செவ்வாக்கிழமையே காலி பண்ணிட்டுப் போயிட்டாகளே. ஏதோ சைட்டுலயே தங்குறதுக்கு எடம் குடுத்தாகளாம். எந்த ஊருன்னு சொல்லலியேக்கா."

"புள்ள நல்லா இருந்ததா?"

"அது சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு."

அந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டே ஜெபித்தேன். 'ஆண்டவரே, உம்முடைய பேரைச் சொல்லி இந்தப் பிள்ளையின் மருந்தைப் பறித்துவிட்டேன். என்னை எப்படி வேண்டுமானாலும் தண்டியும். எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டும்.' அந்த ஜெபத்துக்கு ஒரு பதிலும் வரவில்லை. மழைதான் பெய்தது.

வீட்டுக்கு வந்து தாஸிடம் சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, தனக்குத் தெரிந்த மேஸ்திரிமாரை எல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒருவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் ஞாயிறு. அன்று ஆராதனையில் சாட்சி சொல்ல என்னைத்தான் குறித்திருந்தார்கள். போகாமல் தேடக் கிளம்பலாமா என்று பார்த்தேன். எங்கே என்று தேடுவது? "சபையில எல்லாரும் கட்டட வேலைக்காரங்கதானே. அங்க கேளு" என்றார் தாஸ். கேட்க வேண்டுமானால் ஏன் கேட்கிறேன் என்று சொல்ல வேண்டும். அத்தனை பேர் முன்னால், ரூத்தின் முன்னால்.

பாட்டு முடிந்து போதகர் என் பேரைச் சொன்னார். எழுந்து போனேன். மைக்கைப் பிடித்தேன். முன் வரிசையில் ரூத் உட்கார்ந்திருந்தாள்.

"என் மகள் இன்னைக்குக் காலையில மாத்திரை சாப்பிட்டா" என்று ஆரம்பித்தேன். "ஏழு வருஷமா சாப்பிடறா. உங்ககிட்டயும் ஆஸ்பத்திரியிலயும் நான் அத மறைச்சேன். என்னால ஒரு தாய் மருந்த நிறுத்திட்டா. அந்தப் பிள்ளை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல. புருஷனுக்குச் சென்ட்ரிங் வேலை. செவ்வாக்கிழமை புது சைட்டுக்குப் போயிருக்காங்க. யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க. தயவு செஞ்சு சொல்லுங்க."

ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். பின்னாலிருந்து வேதமணி அண்ணன் எழுந்தார். கொத்தனார். ஜெபக் கூட்டத்தில்கூட வாய் திறக்காத மனுஷர்.

"கும்பளங்கியில தண்ணிக் கரையோரம் ஒரு ஹோம்ஸ்டே கட்டறாங்க. அங்க செவ்வாக்கிழமைதான் தேனி ஆளு ஒருத்தன் குடும்பத்தோட வந்து எறங்கினான். கொழந்த இருக்கு. அதுக்கு என்ன பேருன்னு தெரியாது" என்றார். அப்போதே வாசலில் போய்ச் செருப்பை மாட்டினார்.

முந்தின நாள் முழுக்க நான் ஓடின ஓட்டத்தில் கிடைக்காதது, வாயைத் திறந்து உண்மையைச் சொன்ன இரண்டு நிமிஷத்தில் கிடைத்தது. இதைத்தான் நான் ஜெபத்துக்குப் பதில் என்கிறேன்.

தாஸ், வேதமணி அண்ணன், நான், மூன்று பேரும் ஒரு ஆட்டோவில் போனோம். பள்ளுருத்தி தாண்டும்வரை சிக்னல், நெரிசல். நான் சீட்டு நுனியிலேயே உட்கார்ந்திருந்தேன். பாலம் தாண்டியதும் இரண்டு பக்கமும் தண்ணீர், இறால் வளர்க்கிற குட்டைகள், வலைகள். சைட்டில் சென்ட்ரிங் பலகை அடுக்கியிருந்தது. ஓரத்தில் தகரக் கொட்டகை.

கொட்டகைக்குள் முருகேஸ்வரி முழங்காலில் இருந்தாள். முன்னால் பாயில் தர்ஷினி. உடம்பு வில்லாக வளைந்து வெட்டிக்கொண்டிருந்தது. குழந்தையின் கையில் ஓர் இரும்புச் சாவியைத் திணித்திருந்தார்கள். முருகேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு, "இயேசப்பாதான் மருந்து, இயேசப்பாதான் மருந்து" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

என் வார்த்தை. என் குரலின் ஏற்ற இறக்கம்கூட அப்படியே இருந்தது.

குழந்தையை ஒரு பக்கமாகப் புரட்டிப் படுக்க வைத்தேன். சாவியை எடுத்தேன். வாயைத் துடைத்தேன். "எவ்வளவு நேரமா?"

"காலையில ரெண்டு வாட்டி வந்து நின்னுச்சுக்கா. இது நிக்க மாட்டேங்குது. அவரு வண்டி பாக்க ரோட்டுக்குப் போயிருக்காரு. போனு தண்ணியில விழுந்து கெட்டுப்போச்சு. நான் ஜெபம் பண்ணிக்கிட்டேதான்க்கா இருக்கேன், ஒரு நாளுகூட விடல. நான் எதுவும் தப்பாச் சொல்றேனா?"

அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்ல நேரமில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினேன். ரோட்டில் நின்ற அவள் புருஷனையும் ஏற்றிக்கொண்டோம். வேதமணி அண்ணன் இறங்கி அவருக்கு இடம் விட்டார். வழியில் முதலில் கண்ட ஆஸ்பத்திரியில் நுழைந்தோம். என் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு போய் ஊசி போட்டார்கள்.

பெண் டாக்டர் ஒருவர் வெளியே வந்தார். "மருந்து கழிச்சிருந்ததல்லே? அது நிர்த்தியது ஆரா?"

மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைதானே, யார் நிறுத்தியது என்று கேட்கிறார். முருகேஸ்வரி என்னைப் பார்க்கவில்லை. தன்னைத்தான் சொல்லப் போகிறாள் என்று தெரிந்தது.

"நான்தான் டாக்டர்" என்றேன்.

அவள் புருஷன் அப்போதுதான் நான் யார் என்று புரிந்துகொண்டார். மெலிந்த மனுஷர். கையில் கம்பி கட்டின காயங்கள். அடிக்க வருவார் என்று தாஸ் என் முன்னால் வந்து நின்றார். அவர் அடிக்கவில்லை. "ஒங்க சாமியக் கும்புட வேணாம்னு நான் சொல்லலம்மா. எம்புள்ளைய விட்டுருங்க" என்றார்.

அந்த வராந்தாவில் இங்கும் அங்கும் நடந்தேன். உட்கார முடியவில்லை. என்ன ஜெபிப்பது என்றும் தெரியவில்லை. அதிசயம் கேட்க எனக்கு வாயில்லை. 'ஆண்டவரே, அந்த ஊசி மருந்து வேலை செய்யட்டும். அந்த டாக்டர் கை தவறாமல் இருக்கட்டும்.' இவ்வளவுதான் வந்தது. என் வாழ்நாளில் அலங்காரம் இல்லாமல் நான் செய்த முதல் ஜெபம் அது என்று நினைக்கிறேன்.

வலிப்பு நின்றது. ஆனால் பிள்ளை கண் திறக்கவில்லை. மூளைக்கு ஏதாவது ஆகியிருக்குமா என்பது விழித்த பிறகுதான் தெரியும் என்றார்கள். ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். மூன்றரை மணிக்கு நர்ஸ் கதவைத் திறந்து அம்மாவைக் கூப்பிட்டார். திறந்த கதவு வழியாக ஒரு சின்னக் குரல் கேட்டது. "யம்மா, சட்ட ஈரமா இருக்கு."

சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தேன். பிள்ளை தாயை அறிந்திருக்கிறது. பேச்சு இருக்கிறது. ஈரம் தெரிகிறது. அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்? அழுதேன்.

நாலு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். தினமும் கஞ்சி கொண்டுபோனேன். அவள் புருஷன் வாங்கிக்கொண்டார். முருகேஸ்வரி என்னோடு பேசவில்லை. பேசச் சொல்லி நானும் கேட்கவில்லை.

போதகர் என்னைக் கொஞ்ச காலம் சாட்சி சொல்ல வேண்டாம் என்றார். சரி என்றேன். ஆறு மாதம் ஆஸ்பத்திரி வராந்தாவில் கதை எதுவும் சொல்லாமல் கஞ்சி ஊற்றினேன், பாத்திரம் கழுவினேன். முன்பு என் கதையைக் கேட்டு அழுத தாய்மாரில் எனக்கு முகம் நினைவிருக்கிற ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து, மருந்து கொடுக்கிறீர்களா என்று கேட்டேன். இரண்டு பேர் நிறுத்தியிருந்தார்கள். அவர்களைக் கையோடு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். எல்லாரையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அது இன்றைக்கும் என்னைத் தூங்க விடாத காரியம். அவர்களை ஆண்டவர் கையில்தான் விட்டிருக்கிறேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை மினி சிஸ்டரே கூப்பிட்டார். "சேச்சி, உள்ள வா. இவங்க பேடிச்சிருக்காங்க. அந்தக் கதை பறயு. முழுவன் பறயணும் கேட்டோ" என்றார். உள்ளே ஓர் இளம் தாயும் தகப்பனும் பயந்து வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் குழந்தை. முழுசாகச் சொன்னேன். ரூத்தின் வலிப்பு, சபையாரின் உபவாசம், மாத்திரையின் பெயர், எத்தனை மணிக்கு என்பது, என் பொய், தர்ஷினி. அவர்கள் பாதியில் எழுந்து போகவில்லை. அந்தத் தகப்பன் மாத்திரையின் பெயரைத் தன் சீட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டு, "எங்களுக்காகவும் ஜெபிங்கக்கா" என்றார்.

முருகேஸ்வரி இப்போது மாதம் ஒருமுறை மருந்து வாங்க வருகிறாள். தர்ஷினிக்கு அதற்குப் பிறகு இரண்டு தடவை லேசாக வந்தது, டாக்டர் அளவை மாற்றியிருக்கிறார். முதல் மாதங்களில் முருகேஸ்வரி என் வரிசைக்கு வராமல் அடுத்த ஆளிடம் போய் வாங்கினாள். போன மாதம் என்னிடமே பாத்திரத்தை நீட்டினாள். "பயறு இன்னுங் கொஞ்சம் போடுங்க. அவளுக்குப் புடிக்கும்" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். அவள் சபைக்கு வரவில்லை. அழைக்கவும் எனக்குத் துணிவில்லை.

அன்பானவர்களே, இதை வாசிக்கிற உங்களில் யாராவது இன்று ஒரு பிள்ளைக்காகவோ, புருஷனுக்காகவோ, உங்களுக்காகவோ கதறிக்கொண்டிருக்கலாம். ஜெபியுங்கள். நம்முடைய தேவன் கேட்கிறார். என் பொய்யின் நடுவிலும் கேட்டார். ஆனால் அவர் அனுப்புகிற உதவி டாக்டராக வந்தால் டாக்டரிடம் போங்கள். பாட்டிலில் வந்தால் வேளை தவறாமல் குடியுங்கள். வாய் திறக்காத ஒரு கொத்தனாராக வந்தால் அவர் பின்னால் போங்கள். உங்களுக்கு விடுதலை கிடைத்து, அதைப் பிறருக்குச் சொல்ல எழுந்து நிற்கும் நாளில், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். ஆண்டவருடைய மகிமைக்கு நம்முடைய கைவேலை ஒன்றும் தேவையில்லை. ஒரு வார்த்தையைக் கூட்டவும் குறைக்கவும் செய்யாமல் அவரை நம்பிப் பாருங்கள். நான் இப்போதுதான் நம்பத் தொடங்கியிருக்கிறேன்.